வண்டியில் ஏறாத குதிரை

இருபது வருஷத்துக்கும் மேலாக அவள் காரை வைத்துத்தான் பிழைத்தாள். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தது குறைவு. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர் ஓட்டுநர் இருக்கையில், பக்கத்தில் இவள். இவள் காலடியில் தனியாக ஒரு பிரேக். நாய் குறுக்கே ஓடினாலும் சரி, கற்றுக்கொள்கிறவர் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாலும் சரி, நினைப்பதற்கு முன்னாலேயே இவள் கால் அந்தப் பிரேக்கில் இருக்கும். அதனால் ஊரில் அவளுக்குப் பிரேக்கக்கா என்றே பேர். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

தினமும் ஒரே பாதை. டயர் கடைக்கு மேலே இருந்த அவளுடைய பயிற்சிப் பள்ளி அறையிலிருந்து கிளம்பி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் வண்டியை நிறுத்தி எடுத்து, கடைசியில் பழைய பீப்பாய்கள் நட்டுவைத்த மைதானத்தில் ரிவர்ஸ். கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வீட்டின் முன் அறைதான் அவருடைய பட்டறை; அதனால் அந்த வீட்டில் எப்போதும் யாரோ ஒருவருடைய ஃபிரிட்ஜ் வயிற்றைத் திறந்துகொண்டு நிற்கும். அடுத்த வாசலில் கணவரின் அக்கா, இவளுக்கு அண்ணி. கடைகளுக்கு முட்டை போடுகிற வியாபாரம். சின்ன வேன் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு முட்டைகூட விரிசல் விடாமல் ஊரைச் சுற்றிவருவாள். அந்த வேனை ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் பிரேக்கக்காதான். ஆனாலும் அண்ணி அண்ணிதான். யார் குரு, யார் சிஷ்யை என்பதெல்லாம் வேனோடு சரி. வாசலில் இறங்கிவிட்டால் அதிகாரம் கைமாறிவிடும்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு லாயக்காரம்மா வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள். ஊருக்கு வெளியே குதிரை லாயம் வைத்துச் சவாரி சொல்லித்தருகிறவள். எப்பேர்ப்பட்ட முரட்டுக் குதிரையும் அவள் கைபட்டால் பூனையாகிவிடும். அவளோ கிளட்சைப் பார்த்தால் பூனையாகிவிடுவாள். டெஸ்ட்டில் மூன்று முறை கோட்டைவிட்டாள்.

"டீச்சர், என்னோட உங்களுக்கு மல்லுக்கட்டு ஜாஸ்தி. பதிலுக்கு நானும் ஏதாவது கத்துக்குடுக்கிறேன், வாங்க" என்றாள் ஒருநாள்.

விளையாட்டாகத்தான் போனாள் பிரேக்கக்கா. வயது நாற்பத்து நாலு. முதல் நாள் குதிரைமேல் உட்கார்ந்ததும் அவள் வலது கால் காற்றை மிதித்துக்கொண்டே இருந்தது. லாயக்காரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அங்க ஒண்ணும் இல்ல டீச்சர். உங்க பிரேக் மூச்சுல இருக்கு. மெதுவா மூச்சை விடுங்க, நிக்கும்."

விட்டாள். நின்றது. அந்த நிமிஷமே விழுந்துவிட்டாள், குதிரையிலிருந்து அல்ல, குதிரைமேல் ஆசையில்.

இரண்டு வருஷம் விடுமுறை நாளெல்லாம் லாயத்தில் கழிந்தது. லாயக்காரம்மா ஒருவழியாக டெஸ்ட்டில் தேறினாள். அந்தச் சந்தோஷத்தில் டீச்சரை ஒரு நெடுந்தூரச் சவாரிப் போட்டியைப் பார்க்க அழைத்துப்போனாள். இது ரேஸ் மைதானத்தில் வட்டமடிக்கிற பந்தயம் இல்லை. காட்டுப்பாதை, வாய்க்கால் கரை, கல்லு மேடு என்று ஒரே பகலில் எண்பது கிலோமீட்டர். அதைச் சில கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கால்நடை மருத்துவர் குதிரையின் மார்பில் குழாயை வைத்துப் பார்ப்பார். கொடுத்த நேரத்துக்குள் இதயத்துடிப்பு அடங்க வேண்டும். ஓடவிட்டால் கால் நொண்டக் கூடாது. இல்லையென்றால் அதோடு வீட்டுக்கு. எவ்வளவு வேகமாக வந்தாலும் கடைசிப் பரிசோதனையில் குதிரை தேறாவிட்டால் அது கணக்கிலேயே வராது.

சாயங்காலம் கனத்த உடம்புக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். காதுவரை சேறு. இறங்கி, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித்தேம்பி அழுதார்.

"பாவம், தோத்துட்டாரா?" என்று கேட்டாள் பிரேக்கக்கா.

"தோக்கறதா? முடிச்சிட்டாரு டீச்சர்! அறுபதாவது ஆளா வந்திருப்பாரு. அந்தச் சந்தோஷம்."

திரும்பி வந்ததும் பிரேக்கக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் பட்டறை வாசலில் நின்றாள். கணவர் ஒரு ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்தார்.

"என்னங்க, எனக்கு ஒண்ணு வாங்கணும்."

உள்ளிருந்தபடியே கேட்டார்: "எத்தனை லிட்டர்?"

"குதிரைங்க."

அவர் தலை ஃபிரிட்ஜின் மேல்தட்டில் இடித்த சத்தம் அடுத்த வாசல்வரை கேட்டது. அண்ணி ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "ஏம்மா, வெயில்ல கார்ல உக்காந்து உக்காந்து மூளை உருகிடுச்சா? இந்த வயசுல அவங்கவங்க முட்டிக்குத் தைலம் தேய்ச்சிக்கிட்டு இருக்காங்க. உனக்குக் குதிரை கேக்குதா?"

"தைலமும் தேய்ச்சிக்கிறேன் அண்ணி. குதிரையும் வாங்கிக்கிறேன்."

கணவர் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அவ இதுவரைக்கும் எதையும் கேட்டதில்லக்கா."

பள்ளியின் இரண்டாவது காரை மாற்றுவதற்காகச் சேர்த்துவைத்த பணம் இருந்தது. அந்தக் கார் இன்னும் கொஞ்ச காலம் இருமிக்கொண்டே ஓடட்டும் என்று முடிவு செய்தாள். தொகையைக் கேட்ட லாயக்காரம்மா ஒளிக்காமல் சொன்னாள்: "இந்தக் காசுக்கு அழகு வராது டீச்சர். இளமையும் வராது. பேர்பெத்த பரம்பரை, கிட்டயே வராது. ஆனா நல்ல காலும் நல்ல இதயமும் வரும். நமக்கு வேண்டியது அதுதான். தேடுவோம்."

தேடினார்கள். முதலில் போனது ஒரு குதிரை வியாபாரியிடம். கறுப்புக் குதிரை, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு, சாதுவாக நின்றது. பிரேக்கக்கா முதுகைத் தடவினாள். சேணம் போடும் இடத்தில் லேசான ஈரம்.

"காலையிலயே ஓட்டிட்டீங்களா?"

"சேச்சே! நீங்க வரீங்கன்னு அப்படியே நிறுத்தி வச்சிருக்கேன்."

பள்ளிக்காக எத்தனை பழைய கார் பார்த்திருப்பாள் அவள். பார்க்க ஆள் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கிவைத்து, ஒரே திருகலில் கிளப்பிக் காட்டுகிற வித்தையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "அப்படியா, நாங்க ஒரு வேலையை முடிச்சிட்டுச் சாயங்காலமா வரோம்" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி வந்தாள். களைப்பு தெளிந்த குதிரை வியாபாரியையே வேலியோரமாக விரட்டிக்கொண்டிருந்தது. சொல்லிக்கொள்ளாமலே திரும்பினார்கள்.

இரண்டாவது குதிரை தங்கமான குணம். ஆனால் ஏறி உட்கார்ந்தால் இவள் கால் தரையில் இழுபட்டது. அதற்கப்புறம் பார்த்ததெல்லாம் விலை கேட்டதும் காரைவிட்டே இறங்காமல் திரும்பிய கதைதான்.

கடைசியில் மலையடிவாரத்தில் ஆடு வளர்க்கிற ஒருவரைப் பற்றித் தகவல் வந்தது. மேய்ச்சலுக்குப் போகிற ஆடுகளைச் சுற்றிப் பார்க்க அவர் ஒரு பெண் குதிரை வைத்திருந்தார். அவருக்கு முட்டியில் அறுவைசிகிச்சை ஆகி, இனிமேல் சவாரி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்தப் பக்கம் முட்டை போட வேண்டியிருக்கிறது என்று ஒரு சாக்குச் சொல்லி, அண்ணியும் வேனோடு பின்னாலேயே வந்தாள்.

குதிரையைப் பார்த்ததும் எல்லோருக்கும் முகம் விழுந்துவிட்டது. அழுக்குத் துணி நிறம். பெட்டிபோல் பெரிய தலை. இடது காது நுனி கிழிந்திருந்தது. வயது பன்னிரண்டு இருக்கும். வந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரு கூட்டமா என்பதுபோலத் திரும்பிப் புல்லைத் தின்ன ஆரம்பித்தது.

பிரேக்கக்கா ஏறினாள். குதிரை ஒரு பிகுவும் பண்ணவில்லை. வேலைக்குப் போகிற ஆள் மாதிரி மலைப்பாதையைப் பிடித்தது. கல்லு, பள்ளம், ஓடை எதையும் அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் காலை வைத்தது. உச்சிவரை ஒரே சீரான ஓட்டம். கீழே வந்து இறங்கியதும் லாயக்காரம்மா குதிரையின் முன்னங்காலுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர், கையை இங்க வைங்க. மலை ஏறிட்டு வந்த நெஞ்சா இது? தூங்கி எழுந்த மாதிரி அடிக்குது."

கூட அழைத்துவந்திருந்த கால்நடை மருத்துவரும் கால்களை மடக்கி நீட்டி, ஓடவிட்டுப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்றார். விலையைக் கேட்டால் நம்ப முடியவில்லை. கையில் இருந்ததில் பாதிக்கும் கொஞ்சம்தான் மேலே.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே. என்ன குறை?" என்று கேட்டாள் பிரேக்கக்கா.

ஆட்டுக்காரர் பிடரியைச் சொறிந்தார். "வண்டியில ஏறமாட்டாம்மா. சின்ன வயசுல இவளை ஏத்திட்டு வந்த வண்டி பள்ளத்துல சாஞ்சிடுச்சு. அதுலேர்ந்து வண்டின்னா ஆகாது. வாங்க வந்தவங்க எல்லாரும் வெறும் வண்டியோடதான் திரும்பிப் போனாங்க. ஒவ்வொருத்தர் திரும்பிப் போகப் போக விலையும் இறங்கிடுச்சு."

லாயக்காரம்மா காருக்குப் பின்னால் கட்டி இழுத்துவந்திருந்த டிரெய்லரைத் திறந்து முயன்று பார்த்தார்கள். தீனியைக் காட்டினார்கள், தட்டிக்கொடுத்தார்கள், கெஞ்சினார்கள். அதில் ஏறச் சாய்த்துவைத்த பலகையைக் கண்டதும் குதிரை நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. கண்ணில் வெள்ளை தெரிந்தது, உடம்பு நடுங்கியது. வேன்மேல் சாய்ந்து வேடிக்கை பார்த்த அண்ணி சொன்னாள்: "இது குதிரை இல்லம்மா. வீம்பு. பேரையே வீம்புன்னு வச்சிரு."

பிரேக்கக்கா ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள். அந்த நடுக்கம் அவளுக்குப் புதிதல்ல. காரில் முதன்முதலாக உட்காருகிறவர்களின் கையில் தினமும் பார்க்கிறதுதான். வீம்பு இல்லை அது, பயம். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள்.

"ஏத்தத்தானே முடியாது? ஓட்டிட்டுப் போகலாம்ல?"

"எங்க?" என்றாள் அண்ணி.

"நம்ம ஊருக்கு."

"அறுபது கிலோமீட்டரா!"

"இதுக்குத்தானே அண்ணி குதிரையே வாங்குறோம்?"

பணம் கைமாறியது. ஆட்டுக்காரர் வேலிவரை கூடவே விந்தி விந்தி நடந்துவந்தார். குதிரையின் கிழிந்த காதை ஒருமுறை நீவிவிட்டு, முகத்தைக் காட்டாமல் ஆடுகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று பாதித் தூரம், மறுநாள் மீதி. நடுவில் லாயக்காரம்மாவுக்குத் தெரிந்த தீவனக் கடையின் முற்றத்தில் தங்கல். அண்ணியின் முட்டை வேன் நத்தைபோலப் பின்னாலேயே வந்தது. கடைகளில் போட வேண்டிய முட்டை அப்படியே இருந்ததால் வழிநெடுகப் புலம்பல் வேறு. லாரி பக்கத்தில் உறுமிக்கொண்டு போனாலும் வீம்பு திரும்பிப் பார்க்கவில்லை. மழை பிடித்துக்கொண்டபோதும் நடை மாறவில்லை. ஊர் எல்லையில் லாயத்து வாசலுக்கு வந்தபோது பிரேக்கக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உடம்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. குதிரையோ லாயத்தைத் தாண்டி இன்னும் போகலாமே என்று கடிவாளத்தை இழுத்தது.

அண்ணி வேனைவிட்டு இறங்கி, புகைந்துகொண்டிருந்த தன் வண்டியின் முகப்பையும் குதிரையையும் மாறிமாறிப் பார்த்தாள். "என் வண்டிதான் சூடாயிடுச்சு. இது ஆகல" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அதுதான்.

ஆனால் போட்டி நடக்கும் இடங்களெல்லாம் வெகுதூரம். எல்லாவற்றுக்கும் இப்படி ஓட்டிக்கொண்டே போக முடியுமா? வீம்பு வண்டியில் ஏறித்தான் ஆகவேண்டும். பயந்தவர்களுக்குப் பிரேக்கக்கா முதல் நாள் சாவியே போடமாட்டாள். சும்மா காரில் உட்காரவைத்து, இன்றைக்கு என்ன சமையல் என்று கதை பேசி அனுப்பிவிடுவாள். அதையே இங்கேயும் செய்தாள். டிரெய்லரை லாயத்து முற்றத்தில் திறந்தபடி நிறுத்தி, தினமும் தீனித் தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் பக்கம் நகர்த்தினாள். பிறகு டிரெய்லருக்குள்ளே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சத்தமாகச் செய்தித்தாள் படித்தாள். குதிரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விலைவாசி, விளையாட்டு, வரன் விளம்பரம், ஒன்று விடாமல் படித்தாள். லாயத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. ஒருநாள் வானிலை அறிக்கையை வாசித்துக்கொண்டிருக்கும்போது காகிதத்துக்கு மேலாக ஒரு பெரிய மூக்கு நீண்டது. பின்னாலேயே பலகைமேல் குளம்புச் சத்தம். நாலு காலும் உள்ளே.

"கதவைச் சாத்துங்க டீச்சர்! சாத்துங்க!" என்று வெளியிலிருந்து துடித்தாள் லாயக்காரம்மா.

"வேணாம். முதல் நாளே மெயின் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, அப்புறம் கிளாஸ் பக்கமே வரமாட்டாங்க."

வீம்பு தானாக உள்ளே போய், தானாகவே வெளியே வந்தது. மறுநாளும் போனது. கதவைச் சாத்தியது அதற்கும் பல வாரம் கழித்து. முதல் பயணம் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மட்டும்.

ஒரு வருஷம் காலையில் குதிரை, பிறகு கார் என்று ஓடியது. சின்னச் சின்ன தூரங்களில் தேறி, எண்பதுக்குப் பேர் கொடுத்தாள். உதவிக்குக் கணவர் வந்தார். அவர் பங்குக்குப் பழைய ஃபிரிட்ஜின் கூட்டை அறுத்து, குதிரையின் கழுத்தில் ஊற்றத் தண்ணீர் சில்லென்று இருக்கும்படி ஒரு பெட்டி செய்து வேனில் ஏற்றியிருந்தார். அண்ணி தட்டுத்தட்டாக அவித்த முட்டையோடு வந்தாள். "நான் வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன்" என்று இறங்கும்போதே எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தாள்.

விடியலில் கொடி அசைந்தது. விலை உயர்ந்த குதிரைகள் அம்புபோலப் பறந்தன. வீம்பும் கூடவே பாயத் திமிறியது. பிரேக்கக்கா நீளமாக மூச்சை விட்டாள். குதிரையின் கழுத்து தணிந்தது. தங்கள் ஓட்டத்தில் போனார்கள். முதல் பரிசோதனையில் குழாயை வைத்த மருத்துவர் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். "எப்போ வந்தீங்க? இப்பத்தானா?" அதற்குள் துடிப்பு அடங்கியிருந்தது. வேடிக்கை பார்க்க வந்த அண்ணி, பஞ்சை நனைத்துக் குதிரையின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியது. இறக்கம் வந்த இடங்களில் பிரேக்கக்கா இறங்கி, குதிரையோடு தானும் ஓடினாள். மூன்றாவது கட்டத்தில், கல்லு மேட்டில், நடையின் தாளம் மாறியது. குனிந்து பார்த்தால் முன்னங்காலில் லாடம் இல்லை. சவாரி செய்தால் கால் போய்விடும். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, பாதையோரத்துப் புல்லில் குதிரையை நடத்தி, தான் கல்லில் ஓடினாள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். ஒருவர் கூப்பிட்டுச் சொன்னார்: "விட்டுடுங்கம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்!" அவள் கையை மட்டும் அசைத்துவிட்டு ஓடினாள்.

பரிசோதனை இடத்தில் துடிப்பு சரியாக இருந்தது. காலைப் பார்ப்பதற்காக ஓடவிடச் சொன்னார் மருத்துவர். பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். "இன்னொரு தடவை."

அண்ணியின் கையில் இருந்த முட்டை நசுங்கியது அவளுக்கே தெரியவில்லை. பிரேக்கக்கா காலில் கொப்புளத்தோடு மறுபடி ஓடினாள். பக்கத்தில் வீம்பு பெட்டித் தலையை ஆட்டாமல், நேராக, சீராக ஓடியது.

"நொண்டல் இல்ல. புது லாடம் அடிச்சிட்டுக் கிளம்புங்க."

கணவர் அப்போதுதான் மூச்சுவிட்டார். லாடம் அடிக்கிறவரிடம் அண்ணியே குதிரையை இழுத்துக்கொண்டு ஓடினாள். "கொஞ்சம் சீக்கிரம் அடிங்க தம்பி, எங்க பொண்ணு கிளம்பணும்!" என்று அவள் போட்ட கூச்சலில், எந்தப் பொண்ணு என்று பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசிக் கட்டத்தில் வீம்பு மலையில் வேலை பார்த்த குதிரை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. முன்னால் பறந்தவை ஒவ்வொன்றாக வழியில் நடந்துகொண்டிருந்தன. அவற்றைத் தாண்டித் தாண்டி வந்தது. கோடு கண்ணில் பட்டபோது குதிரை ஒரு கேள்விபோலக் காதை நிமிர்த்தியது. பிரேக்கக்கா கடிவாளத்தைத் தளர்த்தி, "போடி என் ராணி!" என்று கத்தினாள். நாலு கால் பாய்ச்சல். காற்றில் கண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. ஆயுசு முழுக்க அடுத்தவர்களின் வேகத்தைக் குறைத்தவள், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டினாள்.

ஒன்பதாவது. கடைசிப் பரிசோதனையிலும் தேறியது. புறப்பட்டவற்றில் பாதிகூட அந்தப் பரிசோதனைக்கு வந்து சேரவில்லை. அதோடு முடியவில்லை. முதல் பத்துக் குதிரைகளை மறுபடி நிறுத்தி, ஓடி முடித்த பிறகும் எதன் உடம்பு நல்ல நிலையில் இருக்கிறது என்று பார்த்து ஒரு தனிப் பரிசு கொடுப்பார்கள். ஒலிபெருக்கியில், "வீம்பு" என்றார்கள். கூட்டத்தில் சிரிப்பு எழுந்து அப்படியே கைதட்டலாக மாறியது. லாயக்காரம்மா விசிலடித்தாள். கணவர் கைதட்டுவதை நிறுத்தவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டு, "போதும் சார்" என்றார்.

பரிசாகக் கிடைத்த நீலப் போர்வையை வீம்பின் முதுகில் போர்த்தினார்கள். பிரேக்கக்காவைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்காரவைக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் நாலு முட்டையை அடுத்தடுத்துத் தின்றாள். வீம்பு அண்ணியின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. அவ்வளவு பெரிய தலை. அண்ணி ஒரு பக்கமாகச் சாய்ந்து, முட்டை வேனை மேட்டில் ஏற்றும்போது பிடிப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கணவர் டீ எடுத்துக்கொண்டு வந்தார்.

"இங்க கொண்டாடா" என்றாள் அண்ணி உதட்டை மட்டும் அசைத்து. "நீயே வாயில ஊத்து. நான் அசைஞ்சா அவ முழிச்சிக்குவா."